இண்டரெஸ்ட் என்னும் ஒரு சொல்

நம் வியாபாரிகளின் கையில் நாள்தோறும் வந்துபோகும் ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. அது 'இண்டரெஸ்ட்'. கேட்ட மாத்திரத்தில் வட்டி என்று எண்ணி, 'அஸ்தஃபிருல்லாஹ்' என்று ஒதுங்குகிறோம். அது எல்லா இடத்திலும் வட்டியல்ல. வட்டியாகவே இருக்கும் இடத்திலோ நாம் கவனிப்பதில்லை.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடையில் நான் பங்கு வாங்கப் போனேன். விலகும் கூட்டாளி தமது 'இண்டரெஸ்ட்' முழுவதையும் எனக்கு விற்பதாகப் பத்திரத்தில் இருந்தது. "வட்டியை நான் ஏன் வாங்க வேண்டும்?" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். லாயர் சிரித்தார். கடையில் அவருக்குள்ள பங்கு, பாத்தியதை என்பதே அங்கு அதன் பொருளாம்.

அதே வாரம் மொத்தக் கடையின் சரக்குச் சீட்டில் வழக்கம்போல் கைச்சாத்திட்டேன். தவணை தப்பிய பாக்கிக்கு மாதம் 1.5 சதவீதம் இண்டரெஸ்ட் என்று அதன் அடியில் பொடியெழுத்தில் அச்சாகியிருந்ததைப் பல மாதம் கழித்து என் மகன்தான் படித்துக் காட்டினான். 5,000 வெள்ளிப் பாக்கிக்கு மாதம் 75 வெள்ளி! ஹலாலான பங்குக்குப் பேனாவை வைத்தவன், மெய்யான வட்டிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பிறகு அவர்களிடம் பேசி, தவணை நாளைக் குறைத்துக்கொண்டு, அந்த வரியை அடித்துத் தரச் செய்தேன்.

இச்சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'இடையே இருத்தல்' என்பது அடிப்பொருள். ஒருவனுக்கு ஒரு பொருளில் உள்ள சம்பந்தம் அது. விருப்பம், நலன், பங்கு என்ற பொருள்களெல்லாம் அதில் அடங்கும். ஐரோப்பாவில் வட்டிக்கு 'யூஷரி' என்று பெயர். கிறிஸ்தவத் திருச்சபை அதைத் தடுத்திருந்தது. கடன் தாமதத்தால் வந்த நஷ்டத்துக்கு ஈடு என்ற பெயரில் இண்டரெஸ்ட் மட்டும் அனுமதிக்கப்பட்டது. நஷ்டஈடாக நுழைந்தது நாளடைவில் வட்டியாகவே நிலைத்தது. 1545இல் எட்டாம் ஹென்றி மன்னரின் சட்டம் 10 சதவீதம் வரை இடங்கொடுத்தது. நம் சரக்குச் சீட்டின் பொடியெழுத்தும் அதே வாசல் வழியாக வந்ததன்றோ!

மாநகர் மன்ற அறிவிப்பில் வரும் 'பப்ளிக் இண்டரெஸ்ட்' பொதுநலன். 'காம்பவுண்டு இண்டரெஸ்ட்' வட்டிக்கு வட்டி. கார் நிறுத்தியதற்கு வரும் காம்பவுண்டு வேறு, பணப்பையைக் கரைப்பதில் இரண்டும் ஒன்றானாலும்.

ஐயம் வந்தால் பத்திரத்தின் மலாய்ப் பக்கத்தைப் பாருங்கள். 'மினாட்' என்றால் விருப்பம். 'கெபெந்திங்ஙான்' என்றால் நலன் அல்லது பாத்தியதை. 'பூங்ஙா' என்றோ 'ஃபாயிடா' என்றோ இருந்தால் வட்டி. பூங்ஙா என்பதற்குப் பூ என்றும் பொருள்! ஃபாயிடா, நாம் மதரஸாவில் ஓதிய 'ஃபாயிதா'தான், பலன் என்ற நல்ல சொல்.

லாரி, வேன் தவணையில் எடுப்போர் இச்சொல்லை மட்டும் தேடினால் ஏமாறலாம். 1967ஆம் ஆண்டுத் தவணைக் கொள்முதல் சட்டம் அதை 'டெர்ம் சார்ஜஸ்' என்றே எழுதிற்று. அந்த வரியில் விரலை வைத்து, இது வழக்கமான பேங்கின் வட்டியா, இஸ்லாமிய பேங்கின் இஜாரா முறையா என்று கேட்டறிந்த பின் கைச்சாத்திடுக.