மைன்ஸ்வீப்பர்: தொடக்கப் பாடம்

கணிப்பொறி ஆட்டங்களுள் சிந்தனைக்கு நற்பயிற்சி அளிப்பது மைன்ஸ்வீப்பர். 1992-இல் வெளிவந்த விண்டோஸ் 3.1 இதனை எங்கும் பரப்பிற்று. பிற்காலப் பதிப்புகளின் தொடக்க நிலையில் 81 கட்டங்களுள் 10 கண்ணிவெடிகள் மறைந்திருக்கும். ஒன்றைத் திறந்தவன் அக்கணமே தோற்பான்.

திறந்த கட்டத்திலுள்ள எண், சூழ்ந்த கட்டங்களிலுள்ள வெடிகளின் தொகையாம். இதனின்று இரு விதிகள் பெறப்படும். எண்ணும், சூழ மூடியுள்ள கட்டங்களின் தொகையும் ஒத்தால், அவையனைத்தும் வெடிகளே; கொடி நாட்டுக. எண்ணுக்கொத்த வெடிகள் அறியப்பட்டபின், எஞ்சியவற்றை அஞ்சாது திறக்க.

இவை உதவாவிடத்து, அடுத்தடுத்த எண்களை ஒப்பிடுக. ஓரத்தில் 1, 1 என நிற்க, முதலாவது இரு மூடிய கட்டங்களையும், இரண்டாவது அவற்றோடு மூன்றாவதொன்றையும் தொடுமாயின், வெடி முன்னிரண்டனுள் அடங்கும், மூன்றாவது வெடியற்றது.

சிலவிடத்து ஊகமன்றி வழியில்லை. ஆயினும், ஆராய்ந்தறியக்கூடிய இடத்தில் ஊகித்துத் தோற்பது விதியின் குற்றமன்று. நம் அவசரத்தின் குற்றமே.