புது ஊர், புதுப் பள்ளி... உங்கள் பிள்ளை தாங்குமா?

"டாக்டர், பையனுக்கு ராத்திரி தூக்கமே வரலை. காலையில எழுந்தா வயித்தைப் புரட்டுதுங்கிறான். ஏதாவது சூரணம் குடுங்க!"

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பெரும்பாக்கம், மேடவாக்கம் பக்கத்துத் தாய்மார்கள் பலர் இப்படிச் சொல்லிக்கொண்டு வருவார்கள். நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, நிதானமாக விசாரித்தால் ஒரு விஷயம் வெளியே வரும். அப்பாவுக்கு மாற்றல் ஆகியிருக்கும். மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ அந்த வருடம்தான் குடும்பம் இங்கே குடிவந்திருக்கும். பிள்ளை ஒன்பதாவதோ பிளஸ் ஒன்னோ புதுப் பள்ளியில் சேர்ந்திருப்பான்.

'பள்ளிக்கூடம் தேடுவதற்கும் சித்த வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கிறீர்களா? நிறைய இருக்கிறது!

அடக்கக் கூடாத பதினான்கு

நம் உடம்பில் இயற்கையாக எழும் பதினான்கு உணர்வுகளைச் சித்த மருத்துவம் 'வேகங்கள்' என்று சொல்கிறது. பசி, தாகம், தூக்கம், சிறுநீர், மலம், தும்மல், கொட்டாவி, கண்ணீர் எல்லாம் இதில் அடக்கம். இவற்றை வலிய அடக்கினால் நோய் வரும் என்பது எங்களுக்குக் கல்லூரியில் ஆரம்பத்திலேயே சொல்லித் தரும் பாடம். தூக்கத்தை அடக்கினால் தலைக்கனம், கண் சிவத்தல். பசியை அடக்கினால் இளைப்பு, சோர்வு. சிறுநீரை அடக்கினால் நீரடைப்பு, வலி.

இப்போது ஒரு பள்ளி நாளை நினைத்துப் பாருங்கள். வேன் வந்துவிடும் என்று தூக்கத்தை அடக்குகிறான். நேரமில்லை என்று பசியை அடக்குகிறான். கழிப்பறை சரியில்லை என்று பெண் பிள்ளை தாகத்தையும் சிறுநீரையும் சேர்த்தே அடக்குகிறாள். புது இடத்தில் அழக்கூட முடியாமல் கண்ணீரையும் அடக்குகிறாள். இத்தனையும் நாம் தேர்ந்தெடுக்கும் பள்ளியைப் பொறுத்தது. அதனால்தான் சொல்கிறேன்: பள்ளியின் பெயரைப் பார்ப்பதற்கு முன், அந்தப் பள்ளியில் உங்கள் பிள்ளையின் ஒரு நாள் எப்படிக் கழியும் என்று பாருங்கள்.

பெரும்பாக்கம் கண்ட பாடம்

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, அடையாற்றங்கரையில் வசித்த பல குடும்பங்களைப் பெரும்பாக்கத்தில் இருக்கும் வாரியத்தின் எட்டு மாடிக் குடியிருப்புகளுக்குக் கொண்டுவந்தார்கள். கல்வியாண்டின் நடுவே நடந்த மாற்றம் அது. அடுத்த மார்ச்சில் பொதுத்தேர்வு. பழைய பள்ளியை விட மனமில்லாத பிள்ளைகள் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஏறக்குறைய 20 கிலோமீட்டர் பஸ்ஸில் போய் வந்தார்கள். விடியற்காலையில் கிளம்பி இருட்டிய பிறகு வீடு சேர்ந்தார்கள். சிலர் புதுப் பள்ளியில் சேர்ந்தார்கள். படிப்பையே நிறுத்திவிட்ட பிள்ளைகளும் உண்டு. இந்தப் பிள்ளைகள் எல்லோரும் படிப்பில் மட்டமானவர்களா? இல்லவே இல்லை. தூரமும், வருடத்தின் நடுவே வந்த மாற்றமும் சேர்ந்து அவர்களைச் சாய்த்தன.

அந்தக் குடும்பங்களுக்குப் பள்ளியைத் தேர்ந்தெடுக்க அவகாசமும் இல்லை, வசதியும் இல்லை. நம்மில் பலருக்கு இரண்டும் இருக்கிறது. இருந்தும், 'பெரிய பள்ளிக்கூடம்' என்ற ஆசையில் அதே தூரத்தை நாமே காசு கொடுத்து வாங்கிப் பிள்ளையின் தலையில் ஏற்றலாமா?

தூரத்தை நிமிடத்தில் அளங்கள்

13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் தேவை என்கிறார்கள் தூக்க மருத்துவ நிபுணர்கள். இந்த வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற சுரப்பு, சின்ன வயதில் சுரந்ததைவிடத் தாமதமாகச் சுரக்கிறது. "பத்து மணிக்குப் படுன்னா படுக்கிறானா பாருங்க" என்று திட்டுகிறோம். அதில் பாதி அவன் உடம்பின் வேலை!

அமெரிக்காவில் சியாட்டில் நகரப் பள்ளிகள் 2016-ல் உயர்நிலை வகுப்புகள் தொடங்கும் நேரத்தைக் காலை 7.50-லிருந்து 8.45-க்கு மாற்றின. மாணவர்கள் தினமும் சராசரியாக 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்று 2018-ல் வெளியான ஆய்வு சொன்னது. பள்ளி நேரத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. பயண நேரத்தைக் குறைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

கணக்குப் போடுங்கள். வேன் 6.45-க்கு வந்தால் பிள்ளை 5.30-க்கு எழ வேண்டும். மாலையில் வீடு வர 5.30. டியூஷன் முடிந்து, சாப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதிப் படுக்க 11. தூக்கம் ஆறரை மணி நேரம்தான்! பக்கத்துப் பள்ளியில் சேர்த்து 8 மணிக்குக் கிளம்பினால் போதும் என்றால், ஒரு மணி நேரத் தூக்கமும் உட்கார்ந்து சாப்பிடும் இரண்டு இட்லியும் மிச்சம்.

என் யோசனை: வாசலிலிருந்து வாசலுக்கு 40 நிமிடத்துக்கு மேல் ஆகும் பள்ளியை, வேறு வழியே இல்லை என்றால் மட்டும் யோசியுங்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் போய்ப் பார்த்துவிட்டு "இருபது நிமிஷம்தான்" என்று முடிவு கட்டாதீர்கள். வேலைநாளில் காலை ஏழரை மணிக்குச் சோழிங்கநல்லூர் - மேடவாக்கம் சாலையிலோ வேளச்சேரி - தாம்பரம் சாலையிலோ நீங்களே ஒரு முறை போய்ப் பாருங்கள். இது ஏரியும் சதுப்பு நிலமும் சூழ்ந்த பகுதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

எந்த வகுப்பில் மாற்றலாம்?

ஒன்பதாம் வகுப்பின் தொடக்கமும் பதினொன்றாம் வகுப்பின் தொடக்கமும் மாறுவதற்கு ஏற்ற நேரம். பத்தாவதிலும் பிளஸ் டூவிலும் கூடுமானவரை வேண்டாம். சி.பி.எஸ்.இ.-யில் ஒன்பதும் பத்தும் சேர்ந்து இரண்டு வருடப் படிப்பு, பதினொன்றும் பன்னிரண்டும் அப்படியே. நடுவில் பள்ளி மாற, பெற்றோரின் மாற்றல் போன்ற காரணம் காட்டி வாரியத்தின் அனுமதி வாங்க வேண்டும். அந்தச் சமயத்தில் மாற்றல் வந்தால், அம்மாவோ தாத்தா பாட்டியோ பிள்ளையோடு மார்ச் வரை பழைய ஊரிலேயே இருக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும், அதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஒன்பதுக்கு மேல் அந்தச் சட்டம் துணைக்கு வராது. எனவே, சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

வெளி மாநிலத்திலிருந்து வருகிறவர்கள் கவனிக்க: 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தால் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். மற்ற வாரியப் பள்ளிகளுக்கும் 2015-16-ல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாக நீட்டித்தார்கள். தமிழே எழுதத் தெரியாத பிள்ளைக்கு இது பெரிய சுமை. விலக்கு உண்டா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையா? அவசரப்பட்டுத் தனியார் பள்ளிக்கு மாற்றாதீர்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. எம்.பி.பி.எஸ். மட்டுமல்ல, எங்கள் பி.எஸ்.எம்.எஸ். படிப்பும் இதில் அடங்கும். 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. ஒன்பதாவதில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இந்த வாய்ப்பு கைவிட்டுப் போகும்.

கழிப்பறையைப் பார்க்காமல் வராதீர்கள்

பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போனால் கம்ப்யூட்டர் லேப், நீச்சல் குளம் எல்லாம் காட்டுவார்கள். நீங்கள் "பாத்ரூம் எங்கே?" என்று கேளுங்கள். தண்ணீர் வருகிறதா? கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா? பெண் பிள்ளைகளுக்கு நாப்கின் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா? வகுப்பு நடக்கும்போது போக அனுமதி உண்டா?

காலை ஏழிலிருந்து மாலை நான்கு வரை தண்ணீரே குடிக்காமல், சிறுநீரும் கழிக்காமல் இருந்துவிட்டு, நீர்க்கடுப்பு என்று வரும் மாணவிகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். பிள்ளைகளுக்குத் தண்ணீர் குடிக்க நினைவூட்டும் 'வாட்டர் பெல்' 2019-ல் கேரளப் பள்ளிகளிலும், 2025-ல் தமிழகப் பள்ளிகளிலும் வந்தது. நீங்கள் பார்க்கும் பள்ளியில் மணி அடிக்கிறதா என்று கேளுங்கள்.

பிள்ளையையும் ஒரு வார்த்தை...

"அவனுக்கு என்ன தெரியும்?" என்று சொல்லாதீர்கள். நண்பர்கள், விளையாட்டு டீம், பிடித்த வாத்தியார் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருகிறவன் அவன்தான். இரண்டு, மூன்று பள்ளிகளை நீங்கள் தேர்ந்தெடுங்கள். அதில் ஒன்றை அவன் சொல்லட்டும். தானே தேர்ந்தெடுத்த பள்ளி என்றால் முதல் மாதத்துக் கஷ்டத்தை ஓரளவு பொறுத்துக்கொள்வான்.

சேர்த்த பிறகு மூன்று மாதம் கவனியுங்கள். வயிற்றுவலி திங்கட்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை காணாமல் போகிறதா? டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறதா? மாதவிலக்கு தள்ளிப் போகிறதா? மருத்துவரிடம் காட்டி, உடம்பில் வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதோடு நிற்காமல் வகுப்பாசிரியரையும் போய்ப் பாருங்கள். நான் கொடுக்கும் சூரணம் பசியைத் தூண்டும். வகுப்பில் தனியாக உட்காரும் பிள்ளைக்கு ஒரு தோழனைக் கொண்டுவராது!

யாரிடமும் பேசாமல் ஒடுங்கிப் போனாலோ, வாழ்க்கை வெறுத்துப் பேசினாலோ தாமதிக்காதீர்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. வேன் எங்கள் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குத் திரும்பும்?

2. இந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? நடுவில் சேர்ந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?

3. விட்டுப்போன பாடத்தைச் சொல்லித் தருவார்களா?

4. சிறப்பு வகுப்பு எத்தனை மணி வரை? சனி, ஞாயிறும் உண்டா?

5. விளையாட்டு வேளை ஒன்பது, பத்தாவதுக்கும் இருக்கிறதா, அதையும் கணக்கு வகுப்பாக்கி விடுகிறார்களா?

6. மதிய உணவுக்கு எத்தனை நிமிடம்? உட்கார்ந்து சாப்பிட இடம் உண்டா?

7. பிள்ளைக்கு மனக்கஷ்டம் என்றால் பள்ளியில் யாரிடம் பேசலாம்?

இந்த ஏழுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லும் பள்ளி வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைத்தால், பெயர் பிரபலமாக இல்லாவிட்டாலும் தாராளமாகச் சேருங்கள்.