உட்கார்ந்தே வேலை பார்ப்பவரா? கல்லீரலையும் கவனியுங்கள்!

அலுவலகத்தில் ஏற்பாடு செய்த ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ ரிப்போர்ட் கைக்கு வந்ததும் சர்க்கரையையும் கொலஸ்ட்ராலையும் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுகிறோம். வயிற்று ஸ்கேன் பக்கத்தில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று ஒரு வரி இருக்கும். “அது இப்போ எல்லாருக்கும்தான் சார் இருக்கு” என்பார் பக்கத்து சீட்டுக்காரர். அவர் சொல்வதில் உண்மை உண்டு. ஹைதராபாத்தில் 345 ஐ.டி. ஊழியர்களைப் பரிசோதித்து 2025-இல் வெளியான ஆய்வில், 84 சதவீதம் பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு கூடியிருந்தது. ஆனால், ஊருக்கே இருக்கிறது என்பதால் ஆபத்து குறைந்துவிடாது.

கல்லீரலில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அது ஃபேட்டி லிவர். மதுவைத் தொடாதவருக்கும் வரும். உடல் செலவழிக்காத மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக்கித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. சிலருக்கு அது அழற்சியாகி, தழும்பாகி, சிரோசிஸ் வரை போகும். அதுவரை பெரும்பாலும் வலியே தெரியாது. ஆரம்பத்திலேயே பிடித்தால் பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய உறுப்பு இது. கெடுத்தது அலுவலக நாளின் பழக்கம் என்றால், சரிசெய்ய வேண்டியதும் அங்கேதான்.

ரிப்போர்ட்டை நீங்களே படியுங்கள்

ரத்தப் பரிசோதனைப் பக்கத்தில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று இரண்டு கல்லீரல் நொதிகளின் அளவு இருக்கும். எஸ்.ஜி.பி.டி. அளவு சரியாக இருந்தாலும் ஃபேட்டி லிவர் இருக்கலாம். தழும்பு விழும் அபாயத்தை அறிய ‘ஃபிப்-4’ என்ற எளிய கணக்கு உண்டு. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். அதை, பிளேட்லெட் எண்ணிக்கையை (ஆயிரத்தில்) எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி வரும் எண்ணால் வகுங்கள்.

42 வயதுக்காரருக்கு எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 64, பிளேட்லெட் 2,10,000 என்று வையுங்கள். 42 × 48 = 2016. 64-இன் வர்க்கமூலம் 8; 210 × 8 = 1680. வகுத்தால் 1.2. 1.3-க்குக் கீழ் என்பதால் இப்போதைக்கு அபாயம் குறைவு. அவருக்கே பிளேட்லெட் 1,60,000 ஆக இருந்தால் விடை கிட்டத்தட்ட 1.6. அப்போது மருத்துவரைப் பார்த்து, கல்லீரல் தழும்பை அளக்கும் ‘ஃபைப்ரோஸ்கேன்’ தேவையா என்று கேட்க வேண்டும். 35 வயதுக்குக் கீழ் இந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. 65-க்கு மேல் எல்லை 2.

இடுப்புச் சுற்றளவையும் டேப்பில் பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை.

டீக்கடையில் தொடங்குங்கள்

ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். நாளுக்கு நாலு டீ என்றால் 40 கிராம். நாள் முழுவதற்கும் சேர்த்து 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூட வரும் பிஸ்கட், மாலை கூல்டிரிங்க்ஸ் எல்லாம் இந்தக் கணக்கில் இன்னும் ஏறவில்லை. “சர்க்கரை கம்மியா” என்று ஆரம்பித்து, ஒரு மாதத்தில் “சர்க்கரை இல்லாம” என்று முடியுங்கள். காபிப் பிரியர்களுக்கு நல்ல செய்தி: சர்க்கரையில்லாத காபி தினம் இரண்டு, மூன்று கப் குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாகவே காணப்படுகிறது. ஜூஸை விட்டுப் பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள்.

கேன்டீனில் சோற்றை இரண்டாம் முறை வாங்காமல் கூட்டையும் பொரியலையும் வாங்குங்கள். முட்டை, மீன், பருப்பு, மோர் தட்டில் இருக்கட்டும். நாலு மணிப் பசிக்கு பஜ்ஜியைவிட சுண்டல் மேல்.

எடைக்கு ஓர் இலக்கு

80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 6 முதல் 8 கிலோ குறைத்தால் அழற்சியும் தணியும். வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ போதும். பட்டினி கிடந்து மளமளவென்று இளைத்தால் கல்லீரல் மேலும் கெடலாம்.

வாரத்துக்கு 150 நிமிட வேக நடை வேண்டும். எடை குறையாவிட்டாலும் நடை கல்லீரல் கொழுப்பைக் குறைக்கும். போன் பேசும்போது எழுந்து நடங்கள். பஸ்ஸில் ஒரு ஸ்டாப் முன்னதாக இறங்குங்கள். ஜிம் ஃபீஸ் கட்டும்வரை காத்திருக்க வேண்டாம்.

நைட் ஷிஃப்டா?

முக்கியச் சாப்பாட்டை ஷிஃப்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு பரோட்டா, பிரியாணி ஆர்டர் வேண்டாம். அவித்த முட்டை, சுண்டல் போதும். தூக்கத்துக்கு ஒரே நேரத்தை ஒதுக்கிவிட்டு அதை வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள்.

ட்ரீட் என்றால்...

ஒரு லார்ஜ், அதாவது 60 மி.லி. விஸ்கியில் சுமார் 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. “பீர்தானே” என்பவர் கவனிக்க: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டிலில் சுமார் 40 கிராம். இரண்டு லார்ஜுக்குச் சமம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. கொழுப்பு சேர்ந்த கல்லீரலுக்கு மது இரட்டைச் சுமை. கிளையன்ட் விருந்தில் “மாத்திரை சாப்பிடறேன்” என்ற ஒரு வரி போதும். அதற்கு மேல் யாரும் துருவ மாட்டார்கள்.

‘லிவர் டீடாக்ஸ்’ வேண்டாம்

ரத்தத்தைச் சுத்தம் செய்வது கல்லீரலின் அன்றாட வேலை. அதற்குத் தனிப் பொடி தேவையில்லை. சீந்தில், அஸ்வகந்தா கலந்த மருந்துகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. தலைவலிக்கு எடுக்கும் பாராசிட்டமாலும் நாளுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. மது குடிப்பவருக்கு எல்லை இன்னும் குறைவு. எந்த மருந்தையும், சூரணத்தையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

வேலையே ஆபத்தாகும் இடங்கள்

செயற்கைத் தோல், பாலியூரித்தேன் பூச்சு வேலைகளில் புழங்கும் டைமீதைல் ஃபார்மமைடு தோல் வழியாகவே உடலில் இறங்கிக் கல்லீரலைத் தாக்கும். அதற்கென்று உள்ள கையுறையையும் காற்றோட்டத்தையும் நிர்வாகத்திடம் கேட்டுப் பெறுங்கள். ஊசி, ரத்தம் கையாளும் மருத்துவமனை, லேப் ஊழியர்கள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை 0, 1, 6-ஆம் மாதங்களில் மூன்று தவணையாகப் போட்டு முடிக்க வேண்டும்.

தள்ளிப்போடக் கூடாதவை

கண் மஞ்சளாவது, வயிறோ காலோ வீங்குவது, ரத்த வாந்தி, கறுப்பு மலம், திடீர்க் குழப்பம் — இவற்றில் எது வந்தாலும் லீவு கிடைக்குமா என்று யோசிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கீழாநெல்லி அரைத்துக் குடித்துவிட்டு நாலு நாள் பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

இவை எதுவும் இல்லாதவர்கள் இன்றைய எடை, இடுப்பளவு, எஸ்.ஜி.பி.டி., ஃபிப்-4 ஆகிய நான்கையும் போனில் குறித்துவையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி பரிசோதித்து, இரண்டு ரிப்போர்ட்டையும் அருகருகே வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.