ஜெபிக்க உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது

கேள்வி: ஐயா, என் கணவர் வேன் ஓட்டி எங்களைக் காப்பாற்றி வந்தார். போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது. இராத்திரியில் இரண்டு மணிக்கொருதரம் எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறேன். சுகம் வேண்டி வாரத்தில் இரண்டு நாள் உபவாசம் இருக்கிறேன். எனக்குச் சர்க்கரை உண்டு. சபையில் சிலர், “இன்னும் விசுவாசத்தோடு ஜெபியுங்கள்” என்கிறார்கள். முழங்கால் போட்டாலோ அழுகைதான் வருகிறது, இல்லாவிட்டால் ஆண்டவரோடு சண்டை. இது பாவமா? பெலன் எங்கிருந்து வரும்?
– பெயர் வேண்டாம், நாகர்கோவில்

பதில்: அன்புச் சகோதரி, பாவமில்லை. ஆனால் முதலில் அந்த உபவாசத்தை நிறுத்துங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் பட்டினி கிடந்து மயங்கி விழுந்தால், உங்கள் வீட்டில் நோயாளி இரண்டாகிவிடும். சபையில் யாராவது ஏன் என்று கேட்டால், ஐயா சொன்னார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

எலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் அக்கினியை இறக்கியவர், ராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் படுத்து, செத்தால் போதும் என்று ஜெபிக்கிறார். ஆண்டவர் கண்டிக்கவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. தூதன் வந்து தட்டி எழுப்பித் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். ஓரேப் மலையில் கர்த்தர் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். தீர்க்கதரிசிக்கே சாப்பாடும் தூக்கமும் முதலில் வந்தபோது, உங்களுக்கும் எனக்கும் வேறு சட்டமா?

சண்டையைப் பற்றிக் கேட்டீர்கள். நூற்றைம்பது சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடும்தான். 13-ஆம் சங்கீதத்தில் ‘இன்னும் எத்தனை காலம்?’ என்ற கேள்வி முதல் இரண்டு வசனங்களிலேயே நான்கு தரம் வருகிறது. 88-ஆம் சங்கீதமோ கடைசி வரை விடியவே இல்லை. இருளில் ஆரம்பித்து இருளிலேயே நிற்கிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே! ஆராதனையில் நாம் இவற்றை அவ்வளவாக வாசிப்பதில்லை என்பது என் மனக்குறை. ஸ்தோத்திரம் மட்டுமே ஜெபம் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் கோபத்தை ஆண்டவரிடமே சொல்கிறீர்கள் என்றால், இன்னும் அவரை விட்டுப் போகவில்லை என்றுதான் அர்த்தம்.

விசுவாசம் போதாது என்று சொல்கிறவர்களுக்கு யோபுவின் நண்பர்கள் மூன்று பேரை நினைவுபடுத்தலாம். ஏழு நாள் வாய் திறக்காமல் கூடவே உட்கார்ந்திருந்தவரையில் அவர்கள் நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்ததும் கெட்டது. கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வந்தது முறையிட்ட யோபுவின் மேல் அல்ல, விளக்கம் சொன்ன அவர்கள் மேல்.

சுகம் கிடைத்தே தீரும் என்று நான் எழுதமாட்டேன். கெத்செமனேயில் இயேசுவே மூன்று தரம் கேட்டும் அந்தப் பாத்திரம் நீங்கவில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறையில்தான் வாழ்க்கை. ஜெபத்துக்குக் குறைவில்லாத இடம் அது, அவர் சுகமாகவில்லை. ஆனால் அந்தப் படுக்கையிலிருந்தே நோயாளிகளுக்காகப் புத்தகம் எழுதினார். நலமாக இருப்பவர்கள் எழுதும் ஆறுதல் நோயாளியிடம் எடுபடுவதில்லை என்று அதில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். நானும் நலமாக இருப்பவன்தான்; அந்த வார்த்தைக்குப் பயந்துகொண்டே உங்களுக்கு எழுதுகிறேன்.

மொத்தமாக ஒரு நாள் பெலன் வந்து இறங்கும் என்று காத்திருக்க வேண்டாம். ராத்திரி கணவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது, “ஆண்டவரே, இந்த ஒரு தரத்துக்குப் பெலன் தாரும்” என்று மட்டும் சொல்லுங்கள். முழங்கால் போட நேரமில்லையே என்று கலங்காதீர்கள். வார்த்தையே வராத இரவில் அழுங்கள், போதும். நமக்கு ஜெபிக்கத் தெரியாதபோது ஆவியானவர் பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று பவுல் ரோமருக்கு எழுதியது இப்படிப்பட்ட இரவுகளுக்காகத்தான். கணவருக்குப் பேச்சு குழறினாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபியுங்கள்; அவர் ஆமென் சொல்ல முயன்றால் அவசரப்படுத்தாமல் காத்திருங்கள்.

சபையாரிடம் ஜெப விண்ணப்பம் கொடுக்கும்போது காரியமாகக் கேளுங்கள். “எங்களுக்காக ஜெபியுங்கள்” என்பதோடு, “வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் யாராவது வந்து இவர் பக்கத்தில் இருங்கள், நான் தூங்க வேண்டும்” என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தாரிடம் சொல்லுங்கள். திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு தூக்கி வந்து கூரையைப் பிரித்து இறக்கியவர்கள் நான்கு பேர். அவர்களுடைய விசுவாசத்தைப் பார்த்துத்தான் இயேசு பேசினார். விசுவாசம் பற்றி உங்களிடம் பேசியவர்களையே முதலில் அழைத்துப் பாருங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் பற்றி விசாரியுங்கள். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடு அதில் உண்டு. போகிற கையோடு உங்கள் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கமில்லாமல் எந்நேரமும் அழுகையாகவே இருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் இருவர் பெயரையும் எனக்குத் தனியாக எழுதி அனுப்பினால், என் காலை ஜெபத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.