தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீரா?
(கடல் வண்ண மீன் வளர்க்கும் குழுக்களுக்கான பாடம்)



கடற்கரை ஊர்களில் உள்ள நம் குழுக்கள் சில, கருவாடு, ஊறுகாய் தவிர வேறு தொழிலும் செய்து பார்க்க ஆசைப்படுகின்றன. அதில் ஒன்று கோமாளி மீன் வளர்ப்பு. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட சின்ன மீன். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க நகரத்தில் விரும்பி வாங்குகிறார்கள். 2003இல் வந்த ஆங்கிலக் கார்ட்டூன் படத்துக்குப் பிறகு பிள்ளைகள் இதை ‘நீமோ’ என்றே கூப்பிடுகிறார்கள். இந்த மீனைக் கடலில் பிடிக்காமல், தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு எடுக்கலாம் என்று மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் செய்து காட்டியிருக்கிறது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் செய்து காட்டியிருக்கிறது. அந்தக் குஞ்சுகளை வாங்கி, வளர்த்து விற்பதுதான் நம் வேலை.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலில் பணம் போவது மீனால் அல்ல, தண்ணீரால்தான்.

ஆறே நாளில் செத்த மீன்கள்

நான் பார்க்கும் குழுக்களில் ஒன்றில் நடந்தது இது. ஐந்து பேர் சேர்ந்து உள்கடன் வாங்கித் தொட்டி வைத்தார்கள். காலையில் கடல் தண்ணீர் கொண்டுவந்து, துணியில் வடிகட்டி ஊற்றினார்கள். மறுநாளே ஐம்பது குஞ்சுகளை விட்டார்கள். “கொஞ்சம் பொறுங்கள்” என்று சொல்லியிருக்க வேண்டியவள் நான். பயிற்சி முடிந்த கையோடு தொடங்கட்டும் என்று நானும் அவசரப்பட்டேன்.

நாலாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இரை எடுக்கவில்லை. ஆறாம் நாள் காலையில் நாற்பதுக்கு மேல் செத்து மிதந்தன. “தண்ணி கண்ணாடி மாதிரிதானே இருக்கு, யாரு கண்ணு பட்டுச்சோ” என்று ஒரு அக்கா அழுதார். குஞ்சு கொடுத்தவர் ஏமாற்றிவிட்டார் என்று இன்னொருவர் சண்டைக்குக் கிளம்பினார். அந்த வாரக் கூட்டத்தில் ஒரு பாட்டி சொன்னார்: “செத்தது அஞ்சு பேரு மீனு மட்டும் இல்லம்மா. எங்க எல்லாரு சேமிப்பும் சேர்ந்துதான் செத்துச்சு.” எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

கண் படவும் இல்லை, குஞ்சில் கோளாறும் இல்லை. தண்ணீரைச் சோதித்ததும் காரணம் தெரிந்தது. அதன் பெயர் அமோனியா.

கண்ணுக்குத் தெரியாத விஷம்

மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளியே விடுகிறது. மீனின் கழிவும், தின்னாமல் மிஞ்சிய இரையும் அழுகினால் அதிலிருந்தும் அமோனியா வரும். கடலில் இது கரைந்து போய்விடும். தொட்டியில் போக இடம் ஏது? அமோனியாவுக்கு நிறம் கிடையாது. அதனால் தண்ணீர் தெளிவாகவே இருக்கும், மீன் மட்டும் சாகும். கடல் நீரின் காரத்தன்மை (பி.எச். 8 முதல் 8.3 வரை) கூடுதல் என்பதால், நல்ல தண்ணீர்த் தொட்டியைவிட இங்கே அமோனியாவின் விஷம் பல மடங்கு அதிகம். கெண்டை, கப்பி வளர்த்த பழக்கத்தில் இதைத் தொடங்கக் கூடாது.

இந்த விஷத்தை முறிப்பது நுண்ணுயிர்கள். ஒரு வகை நுண்ணுயிர் அமோனியாவை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட்டால் கேடு குறைவு. இந்த நுண்ணுயிர்கள் வடிகட்டியில் உள்ள ஸ்பாஞ்சு, கல், சிப்பி ஓடு ஆகியவற்றின் மேல் ஒட்டி வாழும். புதுத் தொட்டியில் இவை போதுமான அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். உறை ஊற்றாமல் பால் தயிராகுமா? அப்படித்தான் இதுவும். நாங்கள் உறையவிடவே இல்லை.

தண்ணீர் தயார் செய்யும் முறை

1. எடுக்கும் இடம்: முகத்துவாரம், படகுத்துறை, சாக்கடை கலக்கும் இடம், இறால் பண்ணைக் கழிவு விழும் இடம் ஆகியவை வேண்டாம். கடல் ஏறி நிற்கும் நேரத்தில், கலங்கல் இல்லாத இடத்தில் எடுக்கவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோர நீரில் உப்பு குறைந்து சேறும் கலக்கும். மழைக்கு முன்பே சேமித்து வைப்பது நல்லது. பிளாஸ்டிக் குடம், டிரம் மட்டும் பயன்படுத்தவும். செம்பு, பித்தளை, இரும்புப் பாத்திரம் கூடாது.

2. கிருமி நீக்கம்: நீரை இரண்டு நாள் அசையாமல் தெளியவிட்டு, மேல் நீரை மெல்லிய துணியில் வடிகட்டவும். 1000 லிட்டருக்கு ஏறக்குறைய 33 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றலாம் (30 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் என்றால்). ஒரு நாள் விட்டு, பிறகு ஒன்றிரண்டு நாள் நன்றாகக் காற்று விடவும். குளோரின் சோதனை மருந்து சொட்டினால் மஞ்சள் நிறம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் குளோரின் இன்னும் இருக்கிறது. போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் ‘ஹைப்போ’ என்று சொல்லும் சோடியம் தயோசல்பேட்டைச் சிறிது சிறிதாகப் போட்டு, மறுபடி சோதிக்கவும். மஞ்சள் வராத நீர்தான் தொட்டிக்கு.

3. உறையவிடுதல்: தொட்டியை நிரப்பி, வடிகட்டியையும் காற்றுக் குழாயையும் ஓடவிடவும். மீன் விடக் கூடாது. ஒரு சிறு இறால் துண்டைப் போட்டு அழுகவிடவும். நோயில்லாத பழைய தொட்டி இருந்தால் அதன் வடிகட்டியிலிருந்து ஒரு கை சிப்பி ஓடு வாங்கிப் போட்டால் சீக்கிரம் உறையும். இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதியுங்கள். முதலில் அமோனியா ஏறும், பிறகு நைட்ரைட் ஏறும், கடைசியில் இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கும். அன்றுதான் தொட்டி தயார். அப்போதும் ஐந்தாறு குஞ்சாக, வாரம் விட்டு வாரம் விடவும்.

உப்பளம் சொல்லும் பாடம்

உப்பளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். வெயில் தண்ணீரை மட்டும்தான் எடுக்கும், உப்பைப் பாத்தியிலேயே விட்டுவிடும். தொட்டியிலும் அதேதான். 200 லிட்டர் தொட்டியில் 20 லிட்டர் ஆவியானால், லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு ஏறக்குறைய 39 ஆகிவிடும். குறைந்த அளவுக்குக் கடல் நீரையே ஊற்றினால் மறுபடி இறங்காது, 38க்கு மேலேயே நிற்கும். ஆகவே ஆவியான அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். தொட்டியில் ஒரு கோடு போட்டு வைத்து, தினமும் கோடு வரை நிரப்புங்கள். பஞ்சாயத்துக் குழாய் நீர் என்றால் அதிலும் குளோரின் இருக்கும். காற்று விட்டு, சோதித்த பிறகே ஊற்றவும்.

கழிவு நீரை மாற்றும்போது மட்டும் கடல் நீர். வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு மாற்றவும். 200 லிட்டருக்கு 40 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட மூன்று குடம். நைட்ரேட்டை வெளியேற்ற இதுவே எளிய வழி.

கருவிகள் பற்றி

நுரை எடுக்கும் கருவி ஒன்று உண்டு. பருப்பு வேகும்போது நுரையோடு அழுக்கு மேலே வருகிறதல்லவா, அதுபோலக் கழிவை நுரையில் சேர்த்து வெளியே தள்ளும். பயனுள்ளதுதான். புற ஊதா விளக்கு கிருமியைக் கொல்லும். வடிகட்டிக் கரி, நிறத்தையும் வாடையையும் எடுக்கும். ஆனால் விளக்கும் கரியும் அமோனியாவை எடுக்காது. “இதைப் போட்டால் போதும்” என்று விற்பவர் சொன்னால் கடன் பணத்தை நீட்டிவிடாதீர்கள். முதலில் சோதனை மருந்துப் பெட்டியும் உப்பு அளவுமானியும் வாங்குங்கள்.

செய்யக் கூடாதவை

• வடிகட்டி ஸ்பாஞ்சைக் குழாய் நீரிலோ சோப்பிலோ கழுவாதீர்கள். நுண்ணுயிர் செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த கடல் நீரில் லேசாகப் பிழிந்தால் போதும்.
• ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்காத இரை, நாளைக்கு விஷம்.
• தொட்டி உள்ள அறையில் கொசு மருந்து அடிக்காதீர்கள்.
• அழகுக்காகப் பவளப்பாறை எடுக்காதீர்கள். உயிருள்ளதோ செத்ததோ, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மீன் மேலே வந்து மூச்சு வாங்கினால்: இரையை நிறுத்துங்கள். தயாராக வைத்த கடல் நீரில் கால் பங்கு மாற்றுங்கள். காற்றைக் கூட்டுங்கள். கரண்ட் இல்லையா, குவளையில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். பிறகு அமோனியாவைச் சோதியுங்கள்.

அந்தக் குழு மீண்டும் தொடங்கியது. இந்த முறை ஐந்து வாரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். “மீனில்லாத தொட்டிக்குக் கரண்டு பில்லா?” என்று வீட்டு ஆண்கள் கேலி செய்தார்கள். ஆனால் தினமும் நோட்டில் எழுதினார்கள்: உப்பு, வெப்பம், அமோனியா, நைட்ரைட். வரவு செலவு நோட்டு எழுதிப் பழகிய கைதானே! முதலில் விட்ட ஆறு குஞ்சில் ஒன்றுகூடச் சாகவில்லை. பழைய கடனில் இன்னும் பாக்கி உண்டு. அதை மாதாமாதம் கட்டி வருகிறார்கள்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. தெளிந்த நீரிலும் மீன் சாகக் காரணம் என்ன?
2. ஆவியான நீருக்குப் பதில் எந்த நீர் ஊற்ற வேண்டும்? ஏன்?
3. புதுத் தொட்டிக்குக் கடன் கொடுத்தால், முதல் தவணையை எந்த மாதத்திலிருந்து கேட்பது நியாயம்?

மூன்றாவது கேள்விக்கு உங்கள் குழு எடுக்கும் முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மீன் விடாத அந்த ஐந்து வாரமும் தொழில் நடக்கும் காலம்தான் என்று நாம் எல்லோரும் ஒத்துக்கொண்டால், அடுத்த குழு என்னைப் போல அவசரப்படாது.