உடற்பருமனுக்கு உதவி நாடுதல்: தயக்கமும் உரிமையும்

உடல் எடையைக் குறைக்க வைத்திய உதவி பெறுவோருள் தாமாகவே முன்வருவோர் சிலரே. உடன்பிறந்தவருக்கு மாரடைப்பு, தமக்கு நீரிழிவின் தொடக்கம், படியேறுகையில் முழங்கால் வலி என ஏதேனும் நேர்ந்த பின்னரே பலரும் வைத்தியரை நாடுகின்றனர். அதுவரை, உணவகச் சமையலறையில் வேலை முடித்து நள்ளிரவில் உண்ணும் சோற்றையும், 'வயது போனால் உடம்பு வைக்கும்தானே' என்னும் ஆறுதலையும் எவரும் கேள்விக்கு உட்படுத்துவதில்லை.

ஜேர்மன் அட்டவணைகளும் சில வேளை நம்மைத் தவறாக ஆறுதற்படுத்துகின்றன. உடற்திணிவுச் சுட்டி 25ஐத் தாண்டினாலே அவை அதிக எடை என்கின்றன. ஆசிய மக்களுக்கு 23 முதலே கவனம் வேண்டும் என உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. 1.65 மீற்றர் உயரமுள்ளவருக்கு இது ஏறத்தாழ 63 கிலோ. ஜேர்மன் அட்டவணையிலோ 68 கிலோ வரை வழமையான எடையே.

தயக்கத்தின் முதற்காரணம் வெட்கம். 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்ற பேச்சுக்கு அஞ்சுகின்றனர். ஆயினும், கடும் உடற்பருமன் சிகிச்சைக்குரியது என்பதையும், பிற வழிகள் பயனளிக்காதபோது அறுவைச் சிகிச்சைச் செலவையும் காப்புறுதி ஏற்க நேரிடலாம் என்பதையும் கூட்டாட்சிச் சமூக நீதிமன்றம் 19.02.2003 அன்றே தீர்ப்பில் கூறிவிட்டது.

அடுத்தது, ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம். வைத்தியரும் அவருடைய பணியாளரும் இரகசியத்தை வெளியிடுவது குற்றவியல் சட்டக்கோவையின் 203ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. வேலை வழங்குநருக்குச் செல்லும் நோய்விடுப்புத் தகவலில் நோயின் பெயர் இராது. ஆனால் நீங்களே மொழிபெயர்க்க அழைத்துச் செல்லும் அயலவரை அப்பிரிவு கட்டுப்படுத்தாது. ஆளைத் தெரிந்து அழைத்துச் செல்லுங்கள். பிள்ளைகளை அப்பணிக்கு அமர்த்த வேண்டாம். பத்து வயது மகனை இடையில் இருத்திக்கொண்டு ஒரு தாய் தன் உடலைப் பற்றி எதைத்தான் மனந்திறந்து பேசுவார்?

மூன்றாவது, செலவு. எடை குறைக்கும் ஊசிக்குக் காப்புறுதி பணம் தராது என்று கேள்விப்பட்டவர்கள், எதற்கும் தராது என முடிவு செய்துவிடுகின்றனர். எடைக்குறைப்புக்கென்றே தரப்படும் மருந்துகளைச் சமூகச் சட்டக்கோவை ஐந்தாம் நூலின் 34ஆம் பிரிவு விலக்கியிருப்பது உண்மையே. நீரிழிவுக்காக எழுதப்படும் மருந்தின் நிலை வேறு. அதே நூலின் 20ஆம் பிரிவின்கீழ், அங்கீகரிக்கப்பட்ட உணவு, உடற்பயிற்சி வகுப்புகளுக்குச் சட்டமுறைக் காப்புறுதி நிறுவனங்கள் பண உதவி அளிக்கின்றன. தனிப்பட்ட உணவு ஆலோசனைக்கு உதவி கேட்பதாயின், குடும்ப வைத்தியரின் சான்றையும் ஆலோசகரின் செலவு மதிப்பீட்டையும் ஆலோசனை தொடங்குமுன் நிறுவனத்திடம் கொடுத்து எழுத்தில் பதில் பெறுங்கள்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால், கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்குள் 'வீடர்ஷ்புருக்' எனப்படும் எதிர்ப்பைத் தெரிவிக்கலாம். கையொப்பமிட்ட ஒரு வரிக் கடிதம் போதும். சாதாரண மின்னஞ்சல் போதாது. காரணங்களைப் பின்னர் அனுப்பலாம்.