சிறு நகரங்களும் விமானப் போக்குவரத்தும்

விமானப் போக்குவரத்து 1953-இல் நாட்டுடைமையாக்கப்பட்டபின், இலாபம் ஈட்டிய தடங்களின் வருவாய் இலாபமற்ற தடங்களைத் தாங்கிற்று. 1994-இல் ஏகபோக உரிமை சட்டப்படி நீக்கப்பட்டது, போட்டி பெருகியது. ஆயினும், குறைந்த பயணிகளுடன் குறுகிய தூரம் பறக்கையில் இருக்கை ஒன்றுக்கான செலவு உயர்வதால், சிறு நகரங்கள் புறக்கணிக்கப்பட்டன. 2016-இல் வகுக்கப்பெற்ற ‘உடான்’ திட்டம் இத்தகைய தடங்களின் இழப்பை மூன்றாண்டுகளுக்கு ஈடுசெய்கிறது.

எனினும், மூன்றாம் கட்டம் வரை ஒதுக்கப்பட்ட 774 தடங்களுள் 371-இல் மட்டுமே சேவை தொடங்கியது என்றும், மானியக் காலத்திற்குப் பின்னும் நீடித்தவை 54 மட்டுமே என்றும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. மானியம் விமானத்தைக் கொணரும்; அதனை நிலைநிறுத்துபவை வட்டாரத்தின் தொழிலும் வணிகமும் சுற்றுலாவுமே. ஆகவே, விமான நிலையமும் வட்டார வளர்ச்சியும் ஒருங்கே திட்டமிடப்படுதல் இன்றியமையாததாகும்.